கேட்கப்படாத ஒரு பெயர்: மெல்வினியா அம்மாவுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய மெல்வினியா அம்மாவுக்கு,

வணக்கம். உங்களுக்கும் எனக்கும் இரத்த உறவு இல்லை. ஊரும் மொழியும் வேறு. தெற்குக் கரோலினாவிலும் ஜார்ஜியாவிலும் உங்களைப் பற்றி எஞ்சியிருந்த பழைய ஆவணங்களை மெகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் தேடிக் கோத்தார். 2009 அக்டோபரில் அதை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்டது. அன்று முதல் உங்களைப் பற்றிக் கண்ணில் படுவதையெல்லாம் படித்து வருகிறேன். உங்கள் மகன் டால்ஃபஸ், அவர் மகன் ராபர்ட் லீ, அவர் மகன் பர்னெல், அவர் மகள் மேரியன், அவர் மகள் மிஷெல் ஒபாமா என்று அந்தக் கொடி அமெரிக்க அதிபர் மாளிகைவரை போனதால்தான் உலகம் உங்களைத் தேடியது. நான் தேடியது வேறு: நீங்கள் யாருடைய மகளாக, யாருக்குத் தாயாக, யாரோடு சேர்ந்து வாழ்ந்தீர்கள் என்பதை அந்தக் காகிதங்களிலிருந்து அறிய முடியுமா என்பதே என் கேள்வி.

முதல் காகிதம் 1850இல் எழுதப்பட்ட ஓர் உயில். தெற்குக் கரோலினாவில் நிலமும் அடிமைகளும் வைத்திருந்த டேவிட் பேட்டர்சன் என்ற முதியவர், ராட்டை, அரிவாள், மேசை விரிப்பு, மாடு ஆகியவற்றோடு 'நீக்ரோச் சிறுமி மெல்வினியா' என்று உங்களையும் வாரிசுகளுக்குப் பங்கு பிரித்து எழுதியிருக்கிறார். அப்போது உங்களுக்கு வயது ஆறு. 1852இல் அவர் இறந்த பிறகு எடுக்கப்பட்ட மதிப்பீட்டில் உங்கள் விலை 475 டாலர். இத்தகைய பட்டியல்களில் ஒரு சிறுமியின் பெயருக்கு அருகே தொகை எழுத இடம் இருக்கும். அவளைப் பெற்றவளின் பெயரை எழுத இடம் இருக்காது. எழுதியவர்களுக்கு அது தேவைப்படவில்லை. அடிமைகளின் திருமணம் அந்த மாநிலங்களின் சட்டத்தில் செல்லாது. ஆகவே உங்கள் பெற்றோரைத் தேட ஒரு திருமணப் பதிவேடும் கிடையாது.

உயிலின்படி நீங்கள் பேட்டர்சனின் மகள் கிறிஸ்டியானுக்கும் அவர் கணவர் ஹென்றி ஷீல்ட்ஸுக்கும் உடைமையாகி, அட்லாண்டாவுக்கு அருகே இருந்த அவர்களது 200 ஏக்கர் பண்ணைக்கு அனுப்பப்பட்டீர்கள். கோதுமையும் சோளமும் பருத்தியும் விளைந்த அந்தப் பண்ணையில் அடிமைகள் மூவர் மட்டுமே இருந்தார்கள். அறிந்த முகங்களை எல்லாம் விட்டுவிட்டுப் போன ஒரு குழந்தைக்கு, இரவில் அருகில் படுத்துக்கொள்ள ஒரு பெரியவள் அங்கே இருந்தாளா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். 1860ஆம் ஆண்டின் அடிமைக் கணக்கெடுப்பு அதைச் சொல்லாது. அதில் உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் ஆகியவை மட்டுமே வரிசையாக இருக்கும். அடிமைகளின் பெயர்கள் இரா.

அந்தப் பண்ணையில், பதினைந்து வயதையொட்டி, நீங்கள் டால்ஃபஸைப் பெற்றீர்கள். தந்தை வெள்ளையர். ஹென்றியின் மகன் சார்லஸாகவே அவர் பெரும்பாலும் இருந்திருக்க வேண்டும் என்று பின்னாளில் இரு குடும்பத்தின் வழித்தோன்றல்களிடம் செய்த மரபணுச் சோதனை காட்டியது. இதைக் காதல் என்று எழுதிப் பார்க்க விரும்புவோர் உண்டு. மறுக்கும் உரிமையே இல்லாத ஒரு சிறுமியின் விஷயத்தில் அந்தச் சொல்லை எழுத என் கை எழவில்லை.

விடுதலைக்குப் பிந்தைய 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் நீங்கள் பெயரோடு வருகிறீர்கள்: பண்ணைக் கூலி, நான்கு பிள்ளைகள், அவர்களில் மூவர் 'முலாட்டோ', அதாவது கலப்பினத்தவர். ஒரு பிள்ளை அடிமை முறை ஒழிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் பிறந்தது. நீங்கள் உழைத்த நிலம் சார்லஸ் ஷீல்ட்ஸின் நிலத்தை ஒட்டியே இருந்தது. பிள்ளைகள் ஷீல்ட்ஸ் என்ற குடும்பப் பெயரையே தாங்கினார்கள். போக வேறு இடம் இல்லாததால் தங்கினீர்களா, பிள்ளைகளின் சோற்றுக்காகத் தங்கினீர்களா என்பதற்கு அந்தப் படிவத்தில் பதில் இல்லை. ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்றுகூட 1870இல் கேட்கவில்லை. அந்தக் கேள்வி 1880இல்தான் வந்தது.

அதற்குப் பின் நீங்கள் செய்ததுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. முப்பதுகளிலோ நாற்பதுகளிலோ ஷீல்ட்ஸ் நிலத்தை விட்டு, வடமேற்கு ஜார்ஜியாவில் பார்ட்டோ கவுன்டிக்குப் போனீர்கள். அங்கே மரியா, போலஸ் ஈஸ்லி தம்பதியர் உங்களோடு குடியிருந்தார்கள். அவர்கள் பேட்டர்சனின் அதே நிலத்தில், உங்கள் குழந்தைப் பருவத்தில் உங்களோடு அடிமைகளாக இருந்தவர்கள். சிறு வயதில் உங்களைப் பிரித்து அனுப்பியவர்கள் எவரும் நீங்கள் மீண்டும் சந்திப்பீர்கள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். யார் யாரைத் தேடினீர்கள், எந்த ஊரில் விசாரித்தீர்கள், முதலில் பார்த்தபோது அடையாளம் தெரிந்ததா என்பதெல்லாம் எழுதப்படவில்லை; ஆனால் அவர்களுடைய மகள் ஆலிஸ் உங்கள் டால்ஃபஸை மணந்தார். எனக்கு அந்த ஒரு திருமணம் போதும். 475 டாலர் என்று எழுதிய காகிதத்துக்கு உங்கள் குடும்பம் திருப்பிச் சொன்ன பதிலாகவே அதைப் படிக்கிறேன்.

டால்ஃபஸ் அலபாமாவின் பர்மிங்ஹாமில் தச்சராகி, எழுதப் படிக்கத் தெரிந்தவராய், சொந்த வீட்டோடும் சொந்தத் தொழிலோடும் வாழ்ந்து 1950இல் மறைந்தார். உங்கள் பேரில் 2012இல் ஜார்ஜியாவின் ரெக்ஸ் ஊரில் ஒரு நினைவுக்கல் நட்டார்கள்.

ஆனாலும் என் மனம் மறுபடி மறுபடி போய் நிற்பது உங்கள் இறப்புச் சான்றிதழிடம்தான். 1880ஆம் ஆண்டிலும் 1900ஆம் ஆண்டிலும் கணக்கெடுப்புப் படிவத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி இருந்தது: தாய் பிறந்த இடம் எது? மாநிலத்தின் பெயரை எழுதிக்கொண்டு கணக்கெடுப்பாளர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். தாயின் பெயர் என்ன என்று அவர் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பெயரைக் கேட்ட படிவம் 1938இல், தொண்ணூறு வயதைக் கடந்து நீங்கள் கண்மூடிய பிறகு வந்தது. உங்களுக்குப் பதிலாக உறவினர் ஒருவர் கையொப்பமிட்டார். பெற்றோரின் பெயருக்கான இடத்தில் 'தெரியாது' என்று எழுதப்பட்டது.

அன்புடனும் பணிவுடனும்,
உங்களைப் படித்துக்கொண்டிருக்கும் ஒருத்தி