அந்த இரண்டு விரல்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராக் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் காலமான செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். பாதிக்கு மேல் வௌவால் கதைதான். 1982-இல் ரசிகர் ஒருவர் மேடையில் வீசிய வௌவாலின் தலையை அவர் கடித்தது உண்மைதான். ரப்பர் பொம்மை என்று நினைத்துத்தான் கடித்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய் ரேபிஸ் ஊசியும் போட்டுக்கொண்டார். சரி, ஆனால் ஐம்பது வருஷத்துக்கு மேல் பாடிய ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல அது ஒன்றுதானா இருக்கிறது? மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2017 பிப்ரவரி 4 அன்று, அவருடைய பிளாக் சபாத் என்ற ராக் இசைக்குழு தன் விடைபெறும் பயணத்தின் கடைசி நிகழ்ச்சியை இங்கிலாந்தின் பர்மிங்காமில் நடத்தியபோது நான் அந்த அரங்கில் இருந்தேன். அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் ஒமாஹாவில் தொடங்கி, ஊர் ஊராக 81 நிகழ்ச்சிகள் நடத்திவிட்டு, பிறந்த ஊரில் வந்து முடித்தார்கள்.

விளக்குகள் அணைந்தன. மழைச் சத்தம், இடி, தூரத்தில் ஒரு மணி. அப்புறம் கிட்டாரில் மூன்றே மூன்று சுரம்: சட்ஜமம், மேல் சட்ஜமம், அங்கிருந்து இறங்கி பிரதி மத்தியமம். நம் காதுக்குப் பழகிய சுரங்கள்தான், ஆனால் அதை அவ்வளவு மெதுவாக, அவ்வளவு கனமாக வாசித்தபோது உட்கார்ந்திருந்த நாற்காலி அதிர்வது முதுகில் தெரிந்தது. ஆஸிக்கு அப்போது 68 வயது. குரல் சில இடங்களில் பிசிறடித்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை, அவர் விட்ட இடத்தைக் கூட்டம் பாடி நிரப்பியது.

நான் பார்த்துக்கொண்டே இருந்தது குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமியின் வலது கையை. அவர் இடது கைக்காரர், அதனால் கம்பியை அழுத்துவது வலது கை. 17 வயதில் தகரப் பட்டறையில் வேலை பார்த்தபோது, அங்கே அவருடைய கடைசி நாளன்று, வழக்கமாக மெஷின் ஓட்டுபவர் வராததால் இவரை அதில் நிறுத்தினார்கள். மெஷின் கையில் இறங்கி நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இனி கிட்டார் வாசிக்க முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் சோப்புத் திரவ பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார், மேலே பதனிட்ட தோல் துண்டை ஒட்டினார், மெல்லிய கம்பிகளைப் போட்டார், பிறகு அழுத்தச் சிரமமாக இருக்கக் கூடாது என்று சுருதியையும் இறக்கினார். ஹெவி மெட்டல் என்ற ராக் இசை வகையாக இன்று உலகமே கேட்கும் அந்த அடர்த்தியான சத்தத்தில் பெரும்பங்கு இப்படி வந்ததுதான். பெரிய திரையில் கேமரா அருகே போனபோது அந்த இரண்டு தொப்பிகளும் தெளிவாகத் தெரிந்தன. என் பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் தன் மகளுக்கு அதைக் கை நீட்டிக் காட்டினார்.

விடைபெறுகிறோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பத் திரும்ப வரும் குழுக்கள் நிறைய. இவர்கள் அப்படியில்லை. 2012-இல் அயோமிக்கு லிம்ஃபோமா புற்றுநோய் இருப்பது தெரியவந்தது, நீண்ட பயணங்களை உடம்பு தாங்கவில்லை, அதனால்தான் நிறுத்தினார்கள். எனக்கு ஒரே குறை, பழைய டிரம்மர் பில் வார்டு அன்று இல்லை. மாற்றாக வந்தவர் நன்றாகவே வாசித்தார், இருந்தாலும் அந்த இடம் காலியாகத்தான் தெரிந்தது.

அந்தக் குறையும் 2025 ஜூலை 5-ஆம் தேதி தீர்ந்தது. ஆஸி வளர்ந்த வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் வில்லா பார்க் மைதானத்தில், 20 வருஷம் கழித்து நான்கு பேரும் ஒன்றாக வாசித்தார்கள். பார்க்கின்சன் நோயால் ஆஸியால் நிற்க முடியவில்லை, சிம்மாசனம் போன்ற நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். லாபத்தைப் பார்க்கின்சன் ஆராய்ச்சிக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் தீராத நோயுள்ள குழந்தைகளைப் பராமரிக்கும் இல்லத்துக்கும் ஒதுக்கினார்கள். எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, வீட்டில் நேரலையில்தான் பார்த்தேன். பதினேழே நாளில் அவர் போய்விட்டார்.

அடுத்து இந்தக் குழுவைப் பற்றி எழுதும்போது வௌவாலை விட்டுவிட்டு, அயோமியின் வலது கையைப் படமாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பர்மிங்காம்