மூக்கைப் பொத்திய பொடியன்

பலர்மோ, இத்தாலி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். வேலை, சம்பளம் எல்லாம் போனில் சொன்னதுதான். போனில் விளங்கப்படுத்த முடியாத ஒன்றுக்காகத்தான் பேனை எடுத்தேன்.

போன ஞாயிறு, நான் பார்த்துக்கொள்ளும் அம்மம்மா பூசை முடிந்ததும் சான் டொமினிகோ கோயிலுக்குப் பின்னால் இருக்கிற சின்னச் செபக்கூடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். பீடத்தில் ஒரு பென்னம்பெரிய படம். மேலே செபமாலை மாதா, கீழே புனித தொமினிக், கூடவே இந்த ஊரைக் காக்கும் பெண் புனிதர்கள். ஆகத்தா, கிறிஸ்தீனா, நிம்பா, ஒலிவா என்று நாலு பேர். இவர்களின் சிலைகள் நகரத்து நாற்சந்தியிலும் மூலைக்கு ஒன்றாக நிற்கின்றன. ஐந்தாவது ஆள் ரோசலியா.

ரோசலியா 12ஆம் நூற்றாண்டில் மலைக்குகையில் தனியாகத் தவமிருந்தவராம். 1624இல் இங்கே கொள்ளைநோய் பரவியபோது அவருடைய எலும்புகள் அகப்பட்டன. அவற்றை ஊர்வலமாகக் கொண்டுபோனபின் நோய் விலகியது என்பது இவர்களின் நம்பிக்கை. அதோடு பழைய நால்வரும் பின்வாங்குக்குப் போய்விட்டார்கள். பாவம், அத்தனை காலம் காவல் காத்தவர்கள்! படத்தை வரைந்த வான் டைக், அந்த நோய்க்காலத்தில் இந்த ஊரில்தான் இருந்தார். அப்போது அவருக்கு 25 வயது.

அவர் பார்த்ததைத்தான் வைத்தார் போல. படத்தின் அடியில் ஒரு மண்டையோடு, பக்கத்தில் ஒரு பொடியன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடப் பார்க்கிறான். எனக்கு நம் விறாந்தைச் சதா சகாய மாதா படம் ஞாபகம் வந்தது. மிக்கேல் சம்மனசு ஈட்டியோடும் கபிரியேல் சிலுவையோடும் நிற்க, பயந்துபோன குழந்தை யேசுவின் ஒரு செருப்பு கழன்று தொங்குமே! "விழுந்தா ஆர் எடுத்துக் குடுக்கிற?" என்று தம்பி உங்களை அரிப்பானே, அந்தச் செருப்பு.

ரோசலியாவின் குகை பெல்லெக்ரினோ மலையில் இருக்கிறது. மலை 600 மீற்றர் உயரம். ஞாயிறுகளில் ஏறுகிறவர்களில் நம் தமிழர்தான் எத்தனை பேர், சைவக்காரர் உட்பட! குகைக்கூரையில் கசியும் தண்ணீரைப் பீலி வைத்துப் பிடிக்கிறார்கள். நம் மட்டக்களப்புக் கல்லடி அக்கா ஒருவர் அதில் கொஞ்சம் தலையில் தெளித்துவிட்டு, "மாமாங்கத்தில ஆடி அமாவாசைத் தீர்த்தம் ஆடினமாதிரி இரிக்கி" என்றார். நானும் தெளித்துக்கொண்டேன்.

செப்டெம்பர் 4 ரோசலியாவின் திருநாள். முதல்நாள் இரவே வெறுங்காலோடு ஏறத் தொடங்கிவிடுவார்கள். நம் ஆயித்தியமலைச் சதா சகாய மாதா கோயில் திருவிழாவும் அந்த நாட்களை ஒட்டித்தானே வரும். அம்மா, அந்த முழங்காலோடு இந்த முறை நடைபயணம் வேண்டாம், பஸ்ஸில் போங்கள். உங்கள் நேர்த்தியையும் சேர்த்து நான் இங்கே ஏறிவிடுகிறேன். தம்பிக்குப் படத்தின் போட்டோ அனுப்புகிறேன். மூக்கைப் பொத்தினவன் எங்கே என்று அவனே தேடட்டும்.

அன்பு மகள்