பூக்கடை முன்னால் இரண்டு நிமிடம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வரும் குழுக்கள் பூக்கடையைத் தவறவிடுவதில்லை. ஆனால் அங்கே நிற்பது இரண்டு நிமிடம்தான். வழிகாட்டி ஏதோ சொல்வார், நாலு பேர் படம் எடுப்பார்கள், உலா நகர்ந்துவிடும். பூக் கட்டும் கைக்கு அந்த உலாவால் பெரும்பாலும் ஒரு காசும் வருவதில்லை.

நம் முன்னோர் கப்பலேறி வந்து இந்த வட்டாரத்தில் செய்த தொழில்களில் மாட்டுக் கொட்டகையும் பால் வியாபாரமும் போயே போய்விட்டன. பஃபலோ ரோடு (எருமைச் சாலை) என்ற பெயர்ப்பலகை மிச்சம். பூத்தொழில் மட்டும் கோயிலாலும் கல்யாணத்தாலும் இன்னும் கண்ணெதிரே நடக்கிறது. தேசிய மரபுடைமைக் கழகம் 2018ல் புலப்படா மரபுடைமைக்கென்று, அதாவது கைத்திறன், சடங்கு போன்ற மரபுகளுக்கென்று, ஒரு பட்டியலைத் தொடங்கியது நல்ல காரியம். பட்டியலில் ஏறிவிட்டால் விரல் வேலை தானாகத் தங்கிவிடுமா என்ன?

உலா என்பது பார்ப்பதாக மட்டும் இல்லாமல், உட்கார்ந்து பழகும் 40 நிமிடமாக மாற வேண்டும். அதற்குச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, கோப்பது வேறு, தொடுப்பது வேறு. கோப்பது ஊசி வேலை. அதை யாரும் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளலாம். தொடுப்பதுதான் வித்தை. இரண்டு மொட்டு ஒரு பக்கம், இரண்டு எதிர்ப்பக்கம், காம்பின் மேல் காம்பு வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் ஒரு வளையம் எடுத்துத் திருப்பிப் போட்டு இறுக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் காம்பு அறுந்து மொட்டு உதிரும். தளர்த்தினால் சரத்தைத் தூக்கும்போதே நழுவும். வாழைநார் காய்ந்திருந்தால் முறியும், ஆகவே முன்கூட்டியே தண்ணீரில் நனைத்து மெல்லியதாகக் கிழித்து வைக்க வேண்டும். நார் கிடைக்காத நாளில் பருத்தி நூல் சரி. நைலான் வேண்டாம், அது வழுக்கும், காம்பையும் வெட்டும்.

புதியவர் கையில் மல்லிகையைக் கொடுக்காதீர்கள். நெருக்கமாகக் கட்டினால் ஒரு முழத்துக்கு நூறு மொட்டுக்கு மேல் போகும். விமானத்தில் வரும் பூவைப் பழக்கத்துக்கு வீணாக்குவது கட்டுப்படியாகாது. காம்பு நீண்ட ஆர்க்கிட் பூவில் தொடங்கட்டும். விரல்களுக்கு இடம் இருக்கும், இந்த வெயிலையும் தாங்கும். ஒரு தடவைக்கு ஆறு பேர் போதும். வலக்கைக்காரர் கற்றுக்கொடுப்பவரின் பக்கத்தில் உட்கார வேண்டும், எதிரே அல்ல. எதிரே உட்கார்ந்தால் எல்லாம் இடம் வலமாகத் தெரியும். இடக்கைக்காரருக்கு மட்டும் எதிர் இருக்கைதான் வசதி.

அடிக்கடி வரும் சங்கடம் மோந்து பார்ப்பது. சாமிக்குப் போகும் பூவை யாரும் முகரக் கூடாது என்பது வெளியூர்க்காரருக்குத் தெரிய நியாயமில்லை. பழகும் பூவுக்குத் தனித் தட்டு வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை. அதை ஆசைதீர மோந்துகொள்ளலாம். "தொடாதே" என்று பலகை மாட்டுவதைவிடக் காரணத்தைச் சொல்வது மேல். அந்தக் காரணமே பாதிப் பாடம். பிள்ளையாருக்கு அறுகம்புல், பெருமாளுக்குத் துளசி, காளிக்கு எலுமிச்சை என்று சொல்லிவிட்டு, சிராங்கூன் சாலையில் உள்ள வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலுக்கும் நடத்திச் சென்றால், மாலை எதற்கு என்பது விளக்கமில்லாமலே புரியும்.

நேரமும் முக்கியம். வெள்ளிக்கிழமை காலையும் பண்டிகைக்கு முந்தின நாளும் கடைக்காரருக்கு மூச்சு விட நேரமிருக்காது. வார நாளில் மதியத்துக்கு மேல் வரலாம். கடை வாசலை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில் நாற்காலி போட்டு வழியை அடைக்கக் கூடாது. கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தைப் போன்ற இடத்தில் ஒரு மேசை கிடைத்தால் கடைக்கும் தொந்தரவில்லை.

இன்னொன்று, பலரும் பேசாதது. இன்று பல கடைகளில் பூக் கட்டுபவர்கள் தமிழகத்திலிருந்து வேலை அனுமதியில் வந்தவர்கள். அனுமதியில் குறித்த வேலையைத்தான் அவர்கள் செய்யலாம். கட்டணம் வாங்கிக் கற்றுக்கொடுப்பது அதில் அடங்குமா என்பதை மனிதவள அமைச்சிடம் முதலாளி எழுதிக் கேட்டு உறுதிசெய்யாமல் அவர்களை மேசையில் உட்கார வைக்கக் கூடாது. சிக்கல் வந்தால் மாட்டிக்கொள்வது தொழிலாளிதான்.

கட்டணம் 30 வெள்ளி என்று வையுங்கள். அதில் பூவுக்கு எவ்வளவு, கற்றுக்கொடுத்தவருக்கு எவ்வளவு, ஏற்பாட்டாளருக்கு எவ்வளவு என்று நுழைவுச்சீட்டிலேயே அச்சிடச் சொல்லிப் பயணத்துறைக் கழகமும் வட்டார வர்த்தகர்களும் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிராங்கூன் வட்டாரம்