முதலாம் ஆண்டும் பழைய மாணவர் கோட்டாவும்

ஆசிரியருக்கு, ஸ்கூல்ல முதலாம் ஆண்டுக்கு பிள்ளைகள சேக்கிறது பற்றின உங்கட தலையங்கம் வாசிச்சேன், நல்லம், ஆனா வர்க்க விஷயத்த தொடவேயில்ல. வர்க்கம் எதாலன்னு கேட்டா மார்க்ஸ் சொத்த பாத்தார், சமூகவியலாளர் வெபர் அந்தஸ்தையும் சேத்தார், பிரெஞ்சு சமூகவியலாளர் பூர்தியு இன்னும் ஒருபடி போய் படிப்பு, பழக்கவழக்கம், ஆள்தொடர்பு எல்லாமே தாய்தகப்பன்ட்ட இருந்து கைமாறுற மூலதனம்தான்னார், அதே ஸ்கூல்ல படிச்சவங்கட பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கிற பழைய மாணவர் கோட்டா அச்சு அசல் அதுதானே? 1945ல அப்ப கல்வி அமைச்சரா இருந்த கன்னங்கரா இலவசக் கல்வி தந்தும் இன்னும் அப்பா எந்த ஸ்கூல்னுதான் பாக்கிறாங்க.

கொட்டாஞ்சேனையில எங்க ஒழுங்கைல புறக்கோட்டையில மூட்டை தூக்கிற நாட்டாமை ஒருத்தர், பல வருஷமா வாடகை, கரண்ட் பில் வீட்டுக்காரர் பேர்ல, லீஸும் எழுதித்தர மாட்டாராம், அங்க இருக்கிறதுக்கு தன்ட பேர்ல அத்தாட்சி இல்லாததால பிள்ளைக்கு பக்கத்து ஸ்கூலுக்கே விண்ணப்பம் எடுபடல. பழைய மாணவர் கோட்டாவ குறைச்சு, அங்கதான் இருக்கிறாங்கன்னு கிராம சேவகர் உறுதிப்படுத்தினா வாடகைக்காரருக்கும் வதிவிடத்துக்கான முழுப் புள்ளி குடுக்கலாமே.

– வாசகர், கொழும்பு 13