தட்டுவடை அளவுக்கு ஒரு வட்டம்

சான் சபா, டெக்சஸ்
டிசம்பர் 3

அன்புள்ள கயலுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு நான் பாதி பதில் சொல்வதற்குள் அம்மா தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள். "துப்பாக்கிப் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளை சாப்பிடுகிறாளா என்று முதலில் கேட்போம்" என்றாள். அதன் பிறகு ஒரு மணி நேரம் ரசப்பொடியிலேயே போயிற்று. மீதிப் பதிலை எழுதி அனுப்புகிறேன். எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது.

இடாஹோவில் உன் வீட்டுக்கு அடுத்த அல்ஃபால்ஃபா தீவன வயலில் தரை அணில்கள் வளை தோண்டி வைத்திருக்கின்றன, நீர்ப்பாசனக் குழாயைப் பார்க்கப் போகும்போது இடுப்பில் வைத்துக்கொள்ளும்படி குறி தப்பாத அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி ஒன்று வேண்டும், எது நல்லது? நீ கேட்டது இதுதானே? ரைஃபிள் எடுத்தால் வேலை பாதியாகக் குறையும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு "அப்பா சொல்லவில்லை" என்று வராதே. ஆனால் ஒரு கையில் மண்வெட்டியும் மறு கையில் குழாய்த் திறப்பானுமாக நடப்பவளுக்கு ரைஃபிள் தொல்லைதான் என்பதும் எனக்குப் புரிகிறது.

எந்த ரவை என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. பாயின்ட் 22 லாங் ரைஃபிள்தான். பெயரில் ரைஃபிள் இருந்தாலும் கைத்துப்பாக்கிக்கும் இதே தோட்டாதான். 1887 முதல் இருக்கிறது. குண்டின் எடை பெரும்பாலும் 40 கிரெயின், அதாவது இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். கையில் உதைப்பே தெரியாது. உதைப்பு இல்லாவிட்டால் கண்ணைச் சிமிட்ட மாட்டாய், கண் சிமிட்டாவிட்டால் குறி நிற்கும். வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை இதில் தோட்டாக் கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. அதனால் எப்போதாவது ஒன்று வெடிக்காமல் 'டிக்' என்று மட்டும் கேட்கும். அப்படிக் கேட்டால் முப்பது விநாடி குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்திருந்து, பிறகு தோட்டாவை வெளியே எடு.

இனி நீ கேட்ட 'குறி தப்பாமை' எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். காவல்துறையினர் வைத்திருக்கும் 9 எம்எம் பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றில் குழல் ஒவ்வொரு முறை சுடும்போதும் கொஞ்சம் பின்னால் போய், கீழே சாய்ந்து, மறுபடி மேலேறிப் பூட்டிக்கொள்கிறது. குறி பார்க்க முன்னால் நிற்கும் குறிமுள்ளும் அதன் பின்னிருக்கும் பள்ளமும் அந்த நகரும் மேல்பாகத்தில் உட்கார்ந்திருக்கின்றன. திரும்பி வரும்போது மயிரிழை இடம் மாறினாலும் தூரத்தில் அது அங்குலக் கணக்கில் தெரியும். ஆளின் மார்பளவு இலக்குக்கு அது போதும், அணிலுக்குப் போதாது. நல்ல 22 பிஸ்டல்களில் குழல் அசையவே அசையாது. சுட்ட வேகத்தில் பின்னால் போய்வருவது பூட்டுக்கட்டை மட்டும்தான். குறிமுள், பள்ளம், குழல் மூன்றும் ஒரே கட்டுமானமாக நிற்கும். கடையில் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் பூட்டை மெதுவாகப் பின்னால் இழு. அதோடு சேர்ந்து குறி பார்க்கும் பாகமும் நகர்கிறதா என்று பார். நகர்ந்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடு.

இந்த வகையில் மூன்று பெயர் உனக்குத் தெரிந்தால் போதும். முதலாவது ரூகர். 1949இல் வில்லியம் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் கனெக்டிகட்டில் சிறிய பட்டறையில் தொடங்கியது இந்தப் பிஸ்டலோடுதான். பார்வைக்கு ஜெர்மானிய லூகர் மாதிரி இருக்கும், உள்ளே இருக்கும் உருளைப் பூட்டு ஜப்பானிய நாம்பு பிஸ்டலைப் பார்த்து வந்தது. இப்போது வருவது 2016இல் வெளியான மார்க் 4. முந்தைய மூன்று மார்க்குகளையும் கழற்றித் திரும்பப் பூட்டுவது இந்த நாட்டில் பேர் பெற்ற தலைவலி. மார்க் 4இல் பின்புறம் ஒரு பொத்தானை அழுத்தினால் மேல்பாகம் பெட்டி மூடி மாதிரி எழும்பிவிடுகிறது, குழலைப் பின்னாலிருந்தே துடைக்கலாம். முன்வாய் வழியாகக் கம்பியை விட்டுத் துடைத்துத் துடைத்தே குழல்வாயைத் தேய்த்துக் கெடுத்தவர்கள் உண்டு, அந்த வட்டம் கெட்டால் குறியும் கெடும். பழையது வாங்குவதாக இருந்தால் ஒன்று கவனி. 2017 ஜூனுக்கு முன் செய்த மார்க் 4களைப் பாதுகாப்புப் பூட்டைச் சரிசெய்வதற்காக நிறுவனமே திரும்ப அழைத்தது. சரிசெய்யப்பட்டதா என்று கேட்டுவிட்டு வாங்கு.

இரண்டாவது பிரௌனிங் பக் மார்க், 1985 முதல் வருகிறது. விசை பெட்டியிலிருந்து எடுத்த நாளிலேயே நன்றாக இருக்கும். மூன்றாவது ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 41, 1957இல் வந்த போட்டித் துப்பாக்கி. எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. ஆனால் அதன் விலைக்கு மற்ற இரண்டையும் சேர்த்து வாங்கிவிடலாம், தோட்டா விஷயத்திலும் சற்று நாசூக்கு. புழுதியும் சேறுமான வயலுக்குப் பட்டுப்புடவை எதற்கு?

ரூகரா பிரௌனிங்கா என்பதை நான் முடிவு செய்ய மாட்டேன், உன் கை முடிவு செய்யட்டும். உனக்கு உன் பாட்டியின் கை, விரல் நீளம், உள்ளங்கை சிறிது. கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, துப்பாக்கி காலி என்பதை அவரும் நீயும் கண்ணால் பார்த்த பிறகு, எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடு. கையை உயர்த்து. கண்ணைத் திற. குறிமுள் பள்ளத்துக்கு நடுவில் நிற்கிறதா, வானத்தைப் பார்க்கிறதா, தரையைப் பார்க்கிறதா? ரூகரின் கைப்பிடி அதிகம் சாய்ந்தது, சிலருக்கு அது குழலை மேலே தூக்கிக் காட்டும். அப்படியானால் அதே ரூகரில் நேரான கைப்பிடியோடு 22/45 என்று ஒன்று உண்டு, அதையும் எடுத்துப் பார். குழல் ஐந்தரை அங்குலம், தடித்த வகை. எடை ஒரு கிலோவை ஒட்டி இருந்தால் பயப்படாதே. எழுநூறு கிராம் எடையில் வரும் அலுமினியக் குழல்கள் இடுப்புக்குச் சுகம், ஆனால் கை நடுக்கத்தை அப்படியே காட்டிக்கொடுக்கும். சிவப்புப் புள்ளிக் கண்ணாடி பொருத்தத் துளை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். உனக்கு இப்போது வேண்டாம். ஐம்பத்தைந்து தாண்டியதும் எனக்குக் குறிமுள் பனியில் நின்ற பனைமரம் மாதிரி ஆகிவிட்டது, அந்தப் புள்ளிதான் காப்பாற்றுகிறது.

தோட்டாவுக்கு வருகிறேன். கடையில் எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். உன் துப்பாக்கியிடமே கேள். ஐந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கு. மணல் பையின் மேல் மணிக்கட்டை வைத்து, 25 கஜத்தில், ஒவ்வொரு வகையிலும் பத்து ரவை சுடு. ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரித் துப்பாக்கிகள் இரண்டில் ஒன்று ஒரு வகையை அங்குல வட்டத்துக்குள் அடுக்கும், மற்றொன்று அதையே மூன்று அங்குலத்துக்குச் சிதறடிக்கும். ஒலியின் வேகம் விநாடிக்கு 1,125 அடி போல இருக்கும். அதற்குச் சற்றுக் கீழே போகும் சாதாரண வேகத் தோட்டாக்கள் பெரும்பாலும் கூட்டமாக விழும் என்பது என் அனுபவம். உன் மாநிலத்து லூயிஸ்டனில்தான் சிசிஐ என்ற தோட்டா நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கிறது, அதன் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி 1,070 அடி. அதில் தொடங்கு. ஆனால் அது உருண்டை முனை. அணிலுக்குத் துளை முனைதான் இரக்கம், உடனே முடித்துவிடும். ஆகவே காகிதத்தில் பழக ஒன்று, வயலுக்கு ஒன்று. இரண்டும் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்று பார்த்துக்கொள்.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

சேலத்தில் தட்டுவடை செட் சாப்பிட்டிருக்கிறாயே, அதில் வைக்கிற தட்டுவடை அளவுக்குக் காகிதத்தில் ஒரு வட்டம் போடு. இரண்டு அங்குலம். பத்து கஜத்தில் நின்று, எதிலும் சாயாமல், இரண்டு கையாலும் பிடித்துப் பத்து ரவை சுடு. பத்தும் வட்டத்துக்குள் விழுந்தால் ஐந்து கஜம் பின்னால் போ. ஒன்று வெளியே போனாலும் நின்றுவிடு. அதற்கு முந்தைய தூரம் எதுவோ அதுதான் உன் எல்லை. மணல் பை மேல் வைத்தால் துப்பாக்கி 25 கஜத்தில் அங்குலம் பிடிக்கும். நீ நின்று சுட்டால் பதினைந்தில் இரண்டு அங்குலம் பிடிப்பாய். இந்த வித்தியாசத்தை மறந்தால் வேதனை அணிலுக்கு.

எனக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்கிறாயா? நான் துப்பாக்கி வாங்கிய முதல் குளிர்காலத்தில், நாற்பது கஜத்தில் ஒரு முயலைச் சுட்டேன். முந்தின நாள் மேசை மேல் வைத்து அதே தூரத்தில் அழகாக அடுக்கியிருந்தேன், அந்தத் திமிர். இடுப்பில் பட்டது. முன்னங்காலால் தன்னை இழுத்துக்கொண்டு முட்புதருக்குள் போய்விட்டது. முயல் கத்தும் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. இருட்டும் வரை கையைக் கிழித்துக்கொண்டு தேடினேன். வீட்டுக்கு வந்தபோது அம்மா கையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அதன் பிறகுதான் இந்த வட்டம். இன்றைக்கும் என் எல்லை இருபது கஜம்தான்.

இன்னொன்று. இங்கே பெக்கான் தோப்பில் நரி அணில் சுடக் கூப்பிட்டபோது இரண்டு வருடம் மறுத்தேன். ராமர் தடவிய மூன்று கோடு இதன் முதுகில் இல்லை, இது பூனைக்குட்டி அளவுக்கு வேறொரு பிராணி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டும் கை வரவில்லை. தோப்புக்காரர் கொட்டைகளைக் கொட்டிக் காட்டினார், பாதிக்குப் பாதி கடித்தவை. பிறகு போனேன். உனக்கும் கை வராமல் போகலாம். வராவிட்டால் காகிதத்தைச் சுட்டுக்கொண்டிரு, அதுவும் நல்ல பொழுதுபோக்குதான்.

எதைச் சுடுகிறாய் என்பதிலும் கவனம் வேண்டும். உன் பக்கத்தில் இருப்பது பையூட் தரை அணில். வடக்கே ஆடம்ஸ், வேலி (Valley) கவுண்டிகளில் இருக்கும் வடக்கு இடாஹோ தரை அணில் 2000 முதல் மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது, தொட்டால் குற்றம். செத்த அணிலை வயலில் விட்டுவிட்டு வராதே. குனா ஊருக்குத் தெற்கே, 1993இல் அமைத்த ஸ்நேக் நதி வேட்டைப்பறவைக் காப்பகத்தில் புல்வெளி வல்லூறுகள் குஞ்சுக்கு ஊட்டுவதே இந்த அணில்களைத்தான். ஈயக் குண்டின் துணுக்குகள் உடலில் இருந்தால் அது அந்தக் குஞ்சின் வயிற்றுக்குள் போகும். கையுறை போட்டு எடுத்து ஆழமாகப் புதை. தரை அணில்களுக்கு ப்ளேக் வருவதுண்டு, வெறும் கையால் தொடாதே. மண்மேடு பின்னால் இல்லாமல் சுடாதே, தோட்டாப் பெட்டியிலேயே ஒன்றரை மைல் என்று எழுதியிருப்பார்கள். காதடைப்பானை மறக்காதே. என் இடது காதில் பல வருடமாக ஒரு சில்வண்டு கத்திக்கொண்டிருக்கிறது, சின்னத் துப்பாக்கிதானே என்று நினைத்ததற்குக் கிடைத்த பரிசு.

சட்டம். வேட்டை உரிமம் இல்லாமல் தரை அணிலையும் சுடக் கூடாது. 1975 ஜனவரி 1க்குப் பின் பிறந்தவர்கள் அங்கே வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்தால்தான் உரிமம். மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல். அவர் இன்னும் எச்-1பி விசாவில் இருக்கிறார், மத்திய சட்டப்படி அந்த விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. நடப்பிலுள்ள வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. ஆகவே அவர் முதலில் வகுப்புக்குப் போய் உரிமம் எடுக்கட்டும். அதுவரை நீ துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டிச் சாவியை நீயே வைத்துக்கொள். வருத்தப்படுவார். பச்சை அட்டை ஆபத்தில் மாட்டுவதைவிட இது மேல் என்று சொல்.

என் பழைய மார்க் 2ஐ உனக்கே கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். விசாரித்ததில் வேடிக்கை தெரிந்தது. வேறு மாநிலத்தில் இருக்கும் சொந்த மகளுக்கு அப்பா நேரில் கொடுக்க முடியாது. அங்குள்ள உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்கு அனுப்பி, நீ அங்கே 4473 என்ற மத்திய அரசுப் படிவம் எழுதி வாங்க வேண்டும். ஆனால் நான் செத்து, உயிலில் எழுதி வைத்திருந்தால் கடையே தேவையில்லை, நீயே எடுத்துக்கொள்ளலாம். அம்மாவிடம் சொன்னேன். "அப்படியானால் நிதானமாகவே வரட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆகவே நீ புதிதாகவே வாங்கிக்கொள், கண்ணு.

உன் ஊர் அணில்கள் இப்போது மண்ணுக்கடியில் தூங்குகின்றன. பிப்ரவரியில்தான் தலை காட்டும். அதுவரை இரவில் பத்து நிமிடம் காலித் துப்பாக்கியால் விசையை அழுத்திப் பழகு. தோட்டாவெல்லாம் வேறு அறையில் இருக்க வேண்டும். குழலில் தோட்டா உட்காரும் இடத்தில் சுவர்த் திருகாணிக்குப் போடும் மஞ்சள் பிளாஸ்டிக் செருகி ஒன்றை வைத்தால், தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் அடிமுள்ளுக்குச் சேதம் வராது. குறிமுள் மேல் பத்துக் காசு நாணயம் ஒன்றைப் படுக்க வைத்து மாப்பிள்ளையைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல், துப்பாக்கியைத் தொட வேண்டாம். நாணயம் விழாமல் விசை விட வேண்டும், ஊசியில் நூல் கோப்பவளுக்கு இருக்கும் நிதானம் வேண்டும்.

சுட்ட காகிதங்களைத் தூக்கிப் போடாதே. தேதி, தூரம், தோட்டா வகை எழுதித் தபாலில் அனுப்பு. ரவை எல்லாம் இடப்பக்கம் கீழே விழுந்தால் விசையை இழுக்காமல் கையையே இழுக்கிறாய் என்று அர்த்தம், நான் பார்த்துச் சொல்கிறேன். ரசப்பொடியும் பருப்புப்பொடியும் தனிப் பார்சலில் வருகின்றன. அம்மா அதன் மேல் உன் பெயரை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா