இருட்டில் ட்ரைக் ஓடும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோவு கொஞ்சம் குறைந்திருக்கிறது. நீ புது ட்ரைக்கோடு, அதுதான் அந்த மூன்று சில்லுச் சாய்ந்த சைக்கிளோடு, வூம்மே ஆற்று அணையில் நின்று எடுத்த படத்தை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தா. பிள்ளை மெலிந்துவிட்டாள் என்பதுதான் அவவின் கவலை. என் கண்ணில் பட்டது வேறு. வெளிச்சம் மங்கின நேரம், உன் இருக்கைக்குப் பின்னால் ஒரேயொரு சின்னச் சிவப்பு லைற். அதுவும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஓட வேண்டாம் என்று சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ஓய்வு பெற்ற பிறகு லிப்பெ ஆற்றங்கரையில் நானும் சாய்ந்த ட்ரைக்தானே ஓடுகிறேன். இடுப்புக்கும் மனதுக்கும் அதைப்போல வேறொன்று எனக்கு வாய்க்கவில்லை. முதுகைச் சாய்த்து, காலை முன்னால் நீட்டி, வயல்களைப் பார்த்துக்கொண்டு போகிற சுகம் உனக்கும் பிடித்துப்போனது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் வேலை முடிந்து பின்னேரத்தில்தான் வெளிக்கிடுகிறாய் என்கிறாய். ஒக்டோபர் கடைசியில் மணிக்கூட்டை மாற்றினால் பிரேமனில் ஐந்து மணிக்கே சூரியன் போய்விடும். டிசம்பரில் நாலு மணி தாண்டினால் இருட்டு. அப்படியென்றால் இந்தக் குளிர்காலம் முழுக்க நீ ஓடப்போவது இருட்டில்தான். அதைப்பற்றித்தான் எழுதுகிறேன்.

இதில் எனக்குத் தெரிந்தது அதிகமும் பார்சல் வான் ஓடின காலத்தில் கற்றது. ஹம்முக்கும் சோஸ்ற்றுக்கும் இடையில் இரவிலும் விடியப்புறத்திலும் ஓடும்போது, முன்னால் என்ன தெரிகிறது, எது எப்போது தெரிகிறது என்று பார்ப்பதே வேலையாக இருந்தது. ஃபார்ஷூலேயில், கார் ஓடப் பழக்கும் பள்ளியில், உனக்கும் அந்தக் கணக்கைப் படிப்பித்திருப்பார்கள். வேகத்தைப் பத்தால் பிரித்து மூன்றால் பெருக்கினால், மூளை விழித்துக் கால் பிரேக்குக்குப் போகும்வரை கார் ஓடும் தூரம். பத்தால் பிரித்து வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம். ஊர்களுக்கு இடையிலான வீதியில் 100 கிலோமீற்றர் வேகம் போகலாம். அப்போது 30 மீற்றரும் 100 மீற்றரும் சேர்ந்து 130. அவசரத்தில் முழுப் பலத்தோடு அமத்தினால் பின்னது பாதியாகும். அப்படியும் 80 மீற்றர் வேண்டும். கறுப்பு உடுப்புப் போட்ட ஒருவர், டிப் போட்ட லைற்றில் ஏறத்தாழ 25, 30 மீற்றரில்தான் தெரிவார். ஒளி தெறிக்கும் பட்டி கட்டியவரை 130, 140 மீற்றரிலேயே காணலாம். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார், பிள்ளை. நான் சொல்ல வருவது எல்லாம் அதற்குள் இருக்கிறது.

ட்ரைக்குக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கார்காரருக்கு அதன் உருவம் மனதில் இல்லை. நிமிர்ந்த சைக்கிளை இருட்டில் அரைகுறையாகக் கண்டாலும் 'சைக்கிள்' என்று மூளை முடிவு கட்டிவிடும். நிலத்தோடு ஒட்டி வருகிற வண்டியை அது என்னவென்று எடுக்கும்? இது இவ்வளவு அரிதாகிப்போனதற்கும் ஒரு கதை உண்டு. 1933இல் பிரான்சில் ஃபிரான்சிஸ் ஃபோர் என்பவர், ஷார்ல் மொஷே செய்த சாய்ந்த சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, 1914இலிருந்து நின்ற சாதனையை முறித்தார். அடுத்த வருடமே சர்வதேச சைக்கிள் சம்மேளனம் இப்படியான சைக்கிள்களைப் போட்டிகளிலிருந்து விலக்கிவிட்டது. போட்டியில் இல்லாததைக் கடையில் யார் தேடுவார்கள்? பகலில் இந்த அரிது உனக்கு நன்மைதான்; இது என்ன என்று பார்த்துக் கார்கள் தள்ளிப் போகும். இரவில் அந்த நன்மை இல்லை.

முதலில் பின்பக்கம். அதுதான் எனக்குப் பெரிய பயம், ஏனென்றால் நீ அதைப் பார்ப்பதே இல்லை. போன கிழமை கதைக்கும்போது, நல்ல விலை கொடுத்து நியோன் மஞ்சள் ஜாக்கெற் வாங்கினேன், யோசிக்க வேண்டாம் அப்பா என்றாய். அந்த ஜாக்கெற்றின் முதுகுப் பக்கம் இருக்கைக்குள் மறைந்திருக்கிறது, மகள். பின்னால் வருபவருக்குத் தெரிவது கறுப்பு வலைத் துணியும் அதற்கு மேல் உன் தலைக்கவசமும்தான். நியோன் நிறம் பளிச்சிடுவது சூரிய வெளிச்சத்தில் இருக்கும் புற ஊதாக் கதிரை உள்ளே எடுத்துக் கண்ணுக்குத் தெரியும் நிறமாக வெளியே விடுவதால். கார் லைற்றில் அந்தக் கதிர் அனேகமாக இல்லை. அதனால் இரவில் அது வெறும் மஞ்சள் துணி. இரவில் உதவுவது அதில் தைத்திருக்கும் சாம்பல் நிறப் பட்டி மட்டும். நுண்ணிய கண்ணாடி மணிகள், அல்லது சின்னச் சின்னப் பட்டகங்கள், வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். ஆகவே பட்டியை உன் முதுகில் கட்டாமல் இருக்கையின் முதுகில் கட்டு. தலைக்கவசத்தின் பின்பக்கத்திலும் ஒட்டு. பின்னால் பை மாட்டினால், பையிலும்.

பின்லைற்றை இருக்கையின் தலையணைக்குச் சற்றுக் கீழே, உயரத்தில் பூட்டு. ஜேர்மன் சட்டம் நிலத்திலிருந்து 25 சென்ரிமீற்றருக்கும் 1.20 மீற்றருக்கும் இடையில் எங்கும் வைக்க விடுகிறது. ட்ரைக்கில் அந்த மேல் எல்லையை நீ தொடவே மாட்டாய். முக்கியமானது சரிவு. இருக்கை சாய்ந்திருப்பதால், அதன் துணியிலோ குழாயிலோ அப்படியே பூட்டின லைற் மேலே பார்க்கும். படத்தில் உன் லைற் அப்படித்தான் இருக்கிறது. ஆப்பு மாதிரி ஒரு துண்டு ரப்பர் வைத்தாவது நேராக்கு. நேராகப் பார்க்கும் சின்ன லைற், வானத்தைப் பார்க்கும் விலை கூடின லைற்றைவிட மேல்.

இருட்டில் ஒற்றைச் சிவப்புப் புள்ளியைக் கண்டால், அது கிட்டவா தூரவா என்று கார்காரரால் சொல்ல முடியாது. அதனால் முன்சில்லுகள் இரண்டின் சேற்றுத் தகடுகளிலும், பின்னால் பார்க்கும்படி ஒவ்வொரு சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டச் சொல்கிறேன். மேலே ஒரு லைற், கீழே அகலமாக இரண்டு புள்ளி, முக்கோணமாகிவிடும். கிட்ட வர வர முக்கோணம் விரியும். அதில் இருந்து தூரம் பிடிபடும். இரண்டு புள்ளி மட்டும் பக்கம் பக்கமாக இருந்தால் தூரத்தில் போகும் கார் என்று எண்ணவும் கூடும். மேலே ஒன்று இருப்பது அதற்காகவும்தான். விட்டு விட்டு மினுங்கும் லைற் வேண்டாம். இங்கே சைக்கிளில் அதற்கு அனுமதியும் இல்லை, தூரத்தை மட்டுக்கட்டவும் நின்று எரிவதுதான் சுகம். லைற்றில் அலைக் கோடும் கே எழுத்தும் இலக்கமும் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்கு. அதுதான் அனுமதி பெற்றது.

முன்பக்கத்தில் உனக்கு ஒரு வரம் இருக்கிறது: உன் கால்கள். சுவீடனில் குனார் யொஹான்சன் என்ற உளவியலாளர் 1973இல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார். இருட்டில் ஆட்களின் மூட்டுகளில் மட்டும் வெளிச்சப் புள்ளிகளை வைத்துப் படம் பிடித்துக் காட்டியபோது, நின்றால் ஒன்றும் விளங்கவில்லை. நடந்தவுடனே பார்த்தவர்கள் மனிதர் என்று சொல்லிவிட்டார்கள். மனித அசைவை அடையாளம் பிடிக்க நம் கண்ணுக்கு அவ்வளவு கெட்டித்தனம். நானே வான் ஓடும்போது, மேலும் கீழும் போய்வரும் இரண்டு புள்ளிகளைக் கண்டால் யோசிக்காமலே கால் பிரேக்குக்குப் போகும். ட்ரைக்கில் உன் பாதங்கள் வண்டியின் முன் நுனியில், எதிரே வருபவரின் முகத்துக்கு நேரே சுழல்கின்றன. கணுக்காலில் ஒளி தெறிக்கும் பட்டி கட்டினால் அது ஆயிரம் யூரோ லைற்றுக்குச் சமம். பெடலில் மஞ்சள் ரிஃப்ளெக்டர் இருக்கிறதே என்று சொல்வாய். நிமிர்ந்த சைக்கிளில் அவை முன்னும் பின்னும் பார்க்கும். நம் பாதம் முன்னோக்கி நிற்பதால் பெடலும் திரும்பி, அவை வானத்தையும் நிலத்தையும் பார்க்கின்றன. அவற்றை நம்பாதே.

முன்லைற் நுனிக் குழாயில் தாழ்வாக இருப்பதால், சின்னக் குழியும் நீண்ட நிழல் விழுத்திப் பெரும் பள்ளம் போலத் தெரியும். பழகும்வரை மெதுவாகப் போ. எதிர்க் கார்களின் லைற் உன் கண்ணுக்கு மற்றவர்களுக்கு விழுவதைவிட நேரே விழும், உயரம் அப்படி. அப்போது வலப்பக்க ஓரத்தைப் பார்த்து ஓடு. தலைக்கவசத்தின் கீழே ஒரு நெற்றித் தொப்பி போட்டால் தலையைக் கொஞ்சம் குனிந்து வெளிச்சத்தை வெட்டலாம். உன் லைற்றையும் கீழே பார்க்கச் சரித்து வை. அணையில் எதிரே நடந்து வருகிற வயதானவர்களின் கண்ணும் கண்தானே.

சந்திகளில் இன்னும் கவனம். நம் கண்கள் இருக்கும் இடத்துக்கும் பாதங்கள் இருக்கும் இடத்துக்கும் ஒரு மீற்றருக்கு மேல் இடைவெளி. வேலிக்கும் நிறுத்தின கார்களுக்கும் இடையிலிருந்து வெளியே வரும்போது, நீ பார்ப்பதற்கு முன்பே உன் கால் வீதியில் இருக்கும். அந்த இடங்களில் நின்று, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வா. ட்ரைக்கில் உயரமாக மாட்டுகிற கொடியை மடித்துப் பையில் வைத்திருக்கிறாய் என்று உன் தங்கச்சி சொன்னாள். எடுத்து மாட்டு. நிறுத்தின காரின் மேலால் தெரிவது அது ஒன்றுதான். வெறும் துணிக் கொடி இரவில் தெரியாது, பட்டி தைத்ததாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் ரயரில் ஒளி தெறிக்கும் வளையம் உள்ளதை வாங்கினால் மூன்று வட்டமும் சுழல்வது தெரியும். கைச் சைகையும் அந்த உயரத்தில் பலருக்குத் தெரியாது. மூன்று சில்லு வண்டிகளுக்குச் சிக்னல் லைற் பூட்ட இங்கே அனுமதி இருக்கிறது.

லைற்றுக்குப் பற்றறியை நம்பியிருக்கிறாய். குளிரில் பற்றறி சீக்கிரம் இறங்கிவிடும். காசு சேர்ந்ததும் சில்லின் நடுவில் இருக்கும் டைனமோவுக்கு மாறு. ரியூபிங்கனில் செய்கிற சோன் டைனமோ, ஒரு பக்கம் மட்டும் பூட்டும் ட்ரைக் சில்லுக்கும் கிடைக்கிறது. சந்தியில் நின்றாலும் சில நிமிடம் தானாக எரியும் லைற்றை அதோடு பூட்டலாம். டைனமோ என்றால் உன் சித்தப்பாவைத்தான் கேட்க வேண்டும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றறி வராமல் தடுத்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, அந்த டைனமோவில் ரேடியோவில் செய்தி கேட்டவர். முற்றத்தில் அயலட்டை எல்லாம் கூடியிருக்குமாம். சுற்றுகிற கை மாறும்போது செய்தி வாசிப்பவரின் குரலும் இழுபடும் என்று சொல்லுவார்.

கடைசியாக ஒன்று, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். புளொக்லாண்ட் புல்வெளிகளில் பின்னேரத்தில் நிலத்தோடு படியும் மூடுபனி. அது சில நேரம் இடுப்பளவுதான் நிற்கும். நிமிர்ந்து போகிறவரின் தலையும் தோளும் அதற்கு மேலே தெரியும். நீ முழுதாக உள்ளே இருப்பாய். நான் மேலே சொன்ன பட்டி, ரிஃப்ளெக்டர் எதுவும் பனிக்குள் ஒழுங்காக வேலை செய்யாது, போகிற வெளிச்சமும் திரும்புகிற வெளிச்சமும் இரண்டு தரம் சிதறும். அப்படியொரு பனியைக் கண்டால் வீதியை விட்டு இறங்கி, பக்கத்துப் பண்ணை வீட்டு வாசலில் நின்று யாருக்காவது போன் பண்ணு. ட்ரைக்கை மடித்துக் காரில் ஏற்றலாம். ஒருவரும் வரமுடியாவிட்டால் எனக்கு எடு. எத்தனை மணியானாலும் நான் வெளிக்கிட்டு வருவேன்.

கணுக்கால் பட்டி நாலு, சிவப்பு ரிஃப்ளெக்டர் இரண்டு, ஒட்டுகிற பட்டி ஒரு சுருள் பார்சலில் போட்டிருக்கிறேன். மிச்ச இடத்தில் அம்மா மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் வைத்திருக்கிறா. எல்லாம் பூட்டினதும், இருட்டின பிறகு யாரையாவது ட்ரைக்கில் இருத்தி மிதிக்கச் சொல்லிவிட்டு, நீ நூறு மீற்றர் தள்ளிப்போய்க் கார்காரரின் கண் உயரத்துக்குக் குனிந்து, கையில் ரோச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடித்துப் பார். முன், பின், இரண்டு பக்கம். என்ன தெரிந்தது, எது தெரியவில்லை என்று ஞாயிறு எடுக்கும்போது சொல்லு. தெரியாத இடத்துக்கு என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா