வாக்குமூலத்தோடு வழக்கு முடிந்துவிடுவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு பதிப்பின் கலைப் பக்கத்தில் 'சுழல்' தொடரைப் பற்றிய விமர்சனம் படித்தேன். நடிப்பு, இசை, திருப்பங்கள் என்று எல்லாவற்றையும் எழுதியவர், போலீஸ் விசாரணையைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை. துப்பறியும் கதைக்கு அதுதானே உயிர்? மலேசியாவின் பேராக்கில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் விடுபட்டதைச் சொல்ல விரும்புகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூன் மாதம் வந்த முதல் பருவம், சாம்பலூர் என்ற கற்பனை மலையூரில் நடக்கிறது. சிமெண்ட் ஆலை தீப்பற்றி எரிகிறது. அதே இரவில் தொழிற்சங்கத் தலைவரின் இளைய மகளைக் காணவில்லை. ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா. இங்கே எஸ்டேட் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இந்த ஊரைத் தனியாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஒரே முதலாளி, ஒரே கோயில், ஒரே கடைத்தெரு. காலையில் பேசியது மாலைக்குள் எல்லார் காதுக்கும் போய்விடும். ஆலையில் தீ என்றதும் விசாரணைக்கு முன்பே சங்கத் தலைவர் பக்கம் எல்லாரும் திரும்புகிறார்களே, அந்தக் காட்சிகள் உண்மையானவை. உர ஸ்டோரில் இரண்டு மூட்டை குறைந்தால் ஆபீசில் இருந்து முதலில் ஆள் அனுப்பிக் கூப்பிடுவது சங்கத்துக்காரரைத்தான். இதை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் தகப்பனார் தோட்டத்தில் சங்கக் கிளைச் செயலாளராக இருந்தவர்.

நான் இருக்கும் சுங்கை சிப்புட்டுக்கு இந்தக் கதை வேறு விதத்திலும் நெருக்கம். 1948 ஜூன் 16ஆம் தேதி இங்குள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதும் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. சங்கத்தில் பேர் இருந்தாலே சந்தேகம் என்ற காலம் அது. மறு ஆண்டு மே மாதம் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். அதனால்தான் பார்த்திபன் நடித்த சங்கத் தலைவர் பாத்திரத்தை இவ்வளவு பொறுமையாக, பிடிவாதமும் பாசமும் உள்ள ஒரு மனிதராகவே காட்டியதற்குத் தொடரை எடுத்தவர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. சந்தேகம் ஒரு மனிதரை என்ன செய்கிறது என்று காட்ட எட்டு பகுதிகளும் தேவைப்பட்டன. இரண்டரை மணி நேரப் படத்தில் இது நடக்காது.

ஊரெல்லாம் சுற்றிய தேடல் கடைசியில் வீட்டுக்குள் வந்து நிற்பது இன்னொரு பலம். இன்னும் பார்க்காதவர்களுக்காக யார் என்று சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு நெருங்கியவர்களே செய்யும் கொடுமையைப் பெரியவர்கள் 'வெளியே தெரிந்தால் அசிங்கம்' என்று மூடி வைப்பதை இவ்வளவு வெளிப்படையாகப் பேசிய தமிழ்த் தொடர்கள் குறைவு. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். இது எத்தனை வீடுகளுக்குத் தெரியும்?

குறைக்கு வருகிறேன். முதல் பருவத்தில் இன்ஸ்பெக்டரின் சொந்த மகனே வழக்குக்குள் வருகிறான். அதற்குப் பிறகும் அவர் தேடலில் முன்னால் நிற்கிறார். கதைக்குச் சூடு ஏறுகிறது, சரி. ஆனால் அந்தப் புலன்விசாரணையை எந்த வழக்கறிஞரும் முதல் நாளிலேயே கிழித்துவிடுவார். முடிவிலும் நீதிமன்றப் படி ஏறாமலே தீர்ப்பு வந்துவிடுகிறது. ஆய்வுக்கூட அறிக்கை அடுத்த காட்சியிலேயே கைக்கு வந்துவிடுவது போன்றவற்றை நான் பெரிதுபடுத்தவில்லை; கதையின் வேகத்துக்கு அது வேண்டியிருக்கிறது.

என்னால் பொறுக்க முடியாதது வாக்குமூலம். இது பொதுவாக எல்லாத் தமிழ்த் துப்பறியும் தொடர்களுக்கும் பொருந்தும். நாயகன் ஸ்டேஷனுக்குள் வருகிறான், பிடித்து வந்தவனை அறைகிறான், அவன் அழுதுகொண்டே ஒப்புக்கொள்கிறான், பின்னணி இசை எழுகிறது, வழக்கு முடிந்தது. போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது இந்தியாவில் 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் இருந்தே வருகிறது. நம் நாட்டிலும் 2007இல் நடப்புக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, போலீசாரிடம் சொன்னதை வைத்து அரசுத் தரப்பு குற்றத்தை நிரூபிக்க முடியாது. கதாசிரியர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. கைதட்டல் வரும் என்பதற்காக எழுதுகிறார்கள்.

அந்தக் கைதட்டலின் விலையை நான் நீதிமன்றத்தில் பார்த்தேன். ரிமாண்ட் (விசாரணைக்காகக் காவலில் வைக்க உத்தரவு) கேட்டுக் காலையில் கொண்டுவரும் பையன்கள் ஊதா நிற லோக்காப் (போலீஸ் காவல் அறை) சட்டையில், கை விலங்கோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தோட்டத்தில் இருந்து வந்த ஒருவன், பதினெட்டோ பத்தொன்பதோ வயது இருக்கும், மெதுவாக என்னிடம் கேட்டான்: "ஐயா, செஞ்சேன்னு சொல்லிட்டா இன்னிக்கே வீட்டுக்கு விட்டுடுவாங்கல்ல?" திருடினாயா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வெளியே அவன் அம்மா சோற்றுப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு நின்றார். வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம் என்று தாய்க்கும் தெரியவில்லை, மகனுக்கும் தெரியவில்லை. ஸ்டேஷன் என்றால் அடி, அடி என்றால் ஒப்புக்கொள்ளல் என்பது மட்டும் இருவருக்கும் தெரிந்திருந்தது.

2009 ஜனவரியில் அ. குகன் என்ற இளைஞர் போலீஸ் காவலில் இறந்ததையும், 2013இல் உயர் நீதிமன்றம் அவருடைய குடும்பத்துக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்ததையும் நம் சமூகம் மறந்திருக்காது. அந்தச் செய்தியைப் படித்துக் கண்ணீர் விட்ட அதே வீட்டுக் கூடத்தில், லோக்காப்பில் ஒருவனை அடிக்கும் காட்சிக்குக் கைதட்டுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இந்த இடத்தில்தான் 'சுழல்' இரண்டாம் பருவத்தைப் பாராட்ட வேண்டும். 2025 பிப்ரவரியில் வந்தது. ஒரு வழக்கறிஞர் கொல்லப்படுகிறார். எட்டு இளம்பெண்கள் தனித்தனியாக 'நான்தான் கொன்றேன்' என்கிறார்கள். ஒப்புதல் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று சப்-இன்ஸ்பெக்டர் சக்கரையால் உட்கார முடியவில்லை. அங்கிருந்துதான் அவன் வேலையே ஆரம்பிக்கிறது. முதல் பருவத்தில் காணாமல் போனவளின் அக்கா நந்தினியும் இதில் சிறையில் இருக்கிறாள். துப்பாக்கியை எடுத்தால் அதற்குக் கணக்குக் கேட்பார்கள் என்பதைத் தொடரே ஒப்புக்கொள்கிறது. கதை முன்னதைப் போல இறுக்கமாக இல்லை, சில பகுதிகள் இழுக்கின்றன. ஆனாலும் விசாரணையைப் பற்றிய நேர்மையில் எனக்கு இதுவே மேல்.

மலாய் மொழியில் 1999இல் அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஎம்மில் தொடங்கிய 'கெராக் காஸ்' என்ற போலீஸ் தொடர் ஆண்டுக்கணக்கில் ஓடியது. நம் போலீஸ், நம் சாலைகள், நம் சட்டம். தமிழில் நம் கலைஞர்களும் அப்படி ஒன்றை, தோட்டத்து ஊர் ஒன்றில் வைத்து எடுக்க வேண்டும். சாட்சி சொன்னதை அவர் பேசிய மொழியிலேயே படித்துக் காட்டி, திருத்த இடம் கொடுத்து, அப்புறம்தான் கைநாட்டு வாங்க வேண்டும் என்று நம் குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பாட்டி, "நான் அப்படிச் சொல்லல தம்பி, மாத்தி எழுதுங்க" என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லும் ஒரு காட்சி போதும். கன்னத்தில் விழும் எந்த அறையையும் விட அதில் பரபரப்பு இருக்கும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு கோரிக்கை. இனி இத்தகைய தொடர்களுக்கு விமர்சனம் வரும்போது பக்கத்தில் சின்னக் கட்டம் கட்டி இவற்றையும் போடுங்கள்: கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத் தண்டனை உள்ள குற்றமானால் ரிமாண்ட் அதிகபட்சம் முதலில் 4 நாள், பிறகு 3 நாள். 14 ஆண்டோ அதற்கு மேலோ ஆனால் 7 நாள், மீண்டும் 7 நாள். கைதானவர் உறவினரோடும் வழக்கறிஞரோடும் தொடர்புகொள்ளக் கேட்கலாம். வசதி இல்லாத குடிமக்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியம் (அறக்கட்டளை) ரிமாண்டின்போதே இலவசமாக வழக்கறிஞரைத் தருகிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்றக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.